கொள்ளளவு என்னும் தவறான அளவுகோல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பழைய மடிக்கணினிக்கு மாற்று வன்தட்டு வாங்குவோரிடமும் விற்போரிடமும் வேரூன்றியிருக்கும் கருத்து இரண்டு கூற்றுகளால் ஆனது. கொடுக்கும் பணத்துக்கு எதில் அதிக ஜிபி கிடைக்கிறதோ அதுவே ஆதாயம் என்பது முதற்கூற்று. எஸ்எஸ்டி எனப்படும் சில்லு நினைவக வட்டு வேகமானதுதான் என்றாலும் ஆயுள் குறைந்தது, சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும், அப்படிப் போனால் உள்ளிருந்த கோப்புகளில் ஒன்றுகூடத் தேறாது, எனவே நெடுங்காலமாகப் பழகிய சுழலும் தட்டே நம்பகமானது என்பது இரண்டாவது. முதற்கூற்று முழுவதும் பிழை. இரண்டாவது, பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பிழையான முடிவுக்குப் போவது. இவற்றை நம்பி 500 ஜிபி தட்டைக் கழற்றிவிட்டு 1 டிபி தட்டைப் பொருத்திக்கொள்பவர், பணம் செலவழித்த பின்னரும் அதே மந்தமான கணினியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்பதால், இதை நுட்பம் அறிந்தோரின் சிறு கருத்து வேறுபாடு என்று விட்டுவிட இயலாது.

இவ்வட்டாரத்தில் பழைய மடிக்கணினி என்றால் அது பெரும்பாலும் அரசு கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், எல்காட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் கொள்முதல் செய்த கருவிகள், அடுத்த எட்டு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்குச் சென்றன. 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேருடன் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டமாகப் பதிவான பெரம்பலூரிலும், 2007 நவம்பரில் அதிலிருந்து மறுபடியும் பிரிந்து தனி மாவட்டமான அரியலூரிலும், பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுவே. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிவந்ததைத் தங்கை கல்லூரி ஒப்படைப்புக்கும் தம்பி போட்டித் தேர்வுப் பாடங்களுக்கும் பயன்படுத்தும் வீடுகள் செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் இன்றும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் கொடுக்கப்பட்டவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி வன்தட்டும், பின்னாளில் வந்தவற்றில் 4 ஜிபி ரேமும் 500 ஜிபி வன்தட்டும் இருந்தன. இவை இன்று திறந்து வேலைக்கு வருவதற்குள் பல நிமிடங்கள் கடந்துவிடுகின்றன என்னும் குறையில் பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் வைரஸ் என்றும், வயது என்றும், «கவர்மெண்ட் லேப்டாப் அப்படித்தான்» என்றும் சொல்லப்படுவதே தவறு. பெரும்பாலான கருவிகளில் செயலி சோர்ந்துபோகவில்லை. அது தட்டுக்காகக் காத்துக்கிடக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். விண்டோஸ் இயங்கும் மந்தமான மடிக்கணினி ஒன்றில், எந்தெந்த நிரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், செயலியின் பயன்பாடு 10 அல்லது 15 விழுக்காட்டில் நிற்க, டிஸ்க் என்ற கட்டம் மட்டும் சிவந்து 100 விழுக்காட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். அதே வேளையில் தட்டிலிருந்து படிக்கப்படும் அளவைப் பார்த்தால், வினாடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் இருக்கும். வினாடிக்கு 100 எம்பி படிக்கக்கூடியது என்று சொல்லி விற்கப்பட்ட தட்டு, அதில் நூறில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துக்கொண்டே முழுமூச்சாக உழைப்பதாகக் காட்டுகிறது. முரண்போலத் தோன்றும் இந்தக் காட்சியின் காரணத்தை விளங்கிக்கொண்டால் ஜிபி கணக்கு ஏன் உதவாது என்பதும் விளங்கிவிடும்.

வன்தட்டு என்பது காந்தப்பூச்சு கொண்ட வட்டத் தகடு சுழல, அதன் மேற்பரப்பில் இருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனை தகவலைப் படிக்கவும் எழுதவும் செய்கின்ற இயந்திரம். மடிக்கணினிகளில் இருக்கும் 2.5 அங்குலத் தட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுழல்கின்றன. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி ஆகிறது. கேட்கப்பட்ட தகவல் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை தன் இடத்திலிருந்து நகர்ந்து உரிய தடத்துக்குப் போக மேலும் ஏறத்தாழ 12 மில்லி வினாடி தேவை. இரண்டையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது அந்தத் தட்டு வினாடிக்கு 60 கோரிக்கைகளைக்கூட நிறைவேற்ற இயலாது என்பது தெரியும். கணினி தொடங்கும்போதும், உலாவியைத் திறக்கும்போதும் நடப்பது இத்தகைய சிதறல் படிப்புதான். ஒரு கணக்குக்காக 20,000 சிறு படிப்புகள் வேண்டியிருப்பதாகக் கொண்டால், சுழலும் தட்டுக்கு அதற்கு ஆறு நிமிடங்கள் அளவில் ஆகும். நகரும் உறுப்பு எதுவுமில்லாமல், மின்னூட்டங்களாகத் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.1 மில்லி வினாடி. அதே 20,000 படிப்புகளும் இரண்டே வினாடிகளில் முடிந்துவிடும். இயங்குதளம் முன்கூட்டியே படித்து வைப்பது போன்ற உத்திகளால் இந்த இடைவெளி நடைமுறையில் சற்றுக் குறையும் என்றாலும், நிமிடங்களுக்கும் வினாடிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடாகவே அது எஞ்சி நிற்கும்.

320 ஜிபி தட்டுக்குப் பதில் 1 டிபி தட்டு வாங்கினால் இந்தக் கணக்கில் எது மாறுகிறது? சுழலும் வேகம் அதே 5400. அரைச் சுற்றுக் காத்திருப்பு அதே 5.6 மில்லி வினாடி. தகட்டில் தகவல் நெருக்கமாக எழுதப்பட்டிருப்பதால் ஒரே பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் கூடும். சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கும் வேகம் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். 7200 முறை சுழலும் தட்டை வாங்கினாலும் அரைச் சுற்றில் மிச்சமாவது ஒன்றரை மில்லி வினாடிக்கும் குறைவு. அதற்கு விலையாகக் கூடுதல் வெப்பத்தையும் மின்கலச் செலவையும் ஏற்க வேண்டும். இதைவிட மோசமான செய்தியும் ஒன்று உண்டு. இன்று விற்கப்படும் 2.5 அங்குல 1 டிபி, 2 டிபி தட்டுகளில் பல, வீட்டுக்கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் என்னும் முறையில் செய்யப்பட்டவை. இவற்றில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் அண்டைத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். ஆகவே இயங்குதளம் வைத்து நாள்தோறும் எழுதியழிக்கும் வேலைக்கு இவை பழைய 320 ஜிபி தட்டைவிடவும் சில வேளைகளில் பின்தங்கும். பெரிய தயாரிப்பாளர்கள் சில தட்டுகளில் இம்முறை இருப்பதைத் தெளிவாகச் சொல்லாமலே விற்றுவந்தது 2020-இல் வெளிப்பட்டு, உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. அதிக ஜிபி என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு, அந்த ஜிபி எப்படிக் கூட்டப்பட்டது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

அரசின் கொள்முதல் நிபந்தனைகளே இதற்கு நல்ல சான்றாக நிற்கின்றன. 2011-இல் எல்காட் கேட்டது 320 ஜிபி. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் கல்லூரி மாணவர்களுக்காக 2025-இல் அதே நிறுவனம் மடிக்கணினிகளுக்கு ஒப்பந்தம் கோரியபோது கேட்டது 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும். ஜிபியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், பதினான்கு ஆண்டுகள் கழித்து அரசு தரம் குறைந்த கருவியை வாங்கியிருக்கிறது என்ற முடிவுக்கே வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்த்த மாணவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். செயலியும் ரேமும் மேம்பட்டிருப்பது ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் பழைய கருவியில் வேறெதையும் தொடாமல் தட்டை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றினாலும் வேறுபாடு உடனே தெரியும் என்பது, பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எவரும் அறிந்த செய்தி.

256 ஜிபி போதாது என்னும் எதிர்வாதம் கருதத்தக்கது. ஆனால் அதை முன்வைப்பவர், தம் தட்டில் உண்மையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டே முன்வைக்க வேண்டும். விண்டோஸும் அலுவலக மென்பொருள்களும் சேர்ந்து 50 ஜிபி அளவில் அடங்கும். லினக்ஸ் என்றால் 20 ஜிபிக்கு உள்ளேயே முடியும். பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் சான்றிதழ்ப் படிகளும் சில ஜிபியைத் தாண்டுவது அரிது. மீதியை அடைத்திருப்பவை பெரும்பாலும் திரைப்படங்களும், கைப்பேசியிலிருந்து கொட்டிவைத்த காணொளிகளும்தான். அவற்றுக்கு வினாடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளை நிறைவேற்றும் வட்டு தேவையில்லை, மடிக்கணினியின் உள்ளே இடம் பிடித்திருக்கவும் தேவையில்லை. ஜெயங்கொண்டத்தில் திருமணப் படம் எடுத்துத் தொகுக்கும் ஒருவருக்கு 1 டிபி வேண்டும் என்பது நியாயம். அவர் 500 ஜிபி எஸ்எஸ்டியில் நடப்பு வேலையையும், தனியே ஒரு வெளித்தட்டில் முடிந்த வேலைகளையும் வைத்துக்கொள்வதே முறை. விதிவிலக்கானவரின் தேவையை எல்லாருக்குமான விதியாக்கக் கூடாது.

இனி ஆயுள் பற்றிய அச்சம். எஸ்எஸ்டியின் நினைவகக் கண்ணறைகள் எழுதியழிக்க எழுதியழிக்கத் தேய்பவை என்பதில் ஐயமில்லை. அந்தத் தேய்மானத்தின் எல்லையைத் தயாரிப்பாளர்களே டிபிடபிள்யூ என்னும் அளவாக, அதாவது மொத்தமாக எத்தனை டிபி எழுதும் வரை உத்தரவாதம் செல்லும் என்ற எண்ணாக அறிவிக்கிறார்கள். சாம்சங் 870 ஈவோ 250 ஜிபி வட்டுக்கு அது 150; குருஷியல் பிஎக்ஸ்500 வரிசையின் 240 ஜிபி வட்டுக்கு 80. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதுவதாக, அதாவது சாதாரண மாணவர் பயன்பாட்டுக்குத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், முதலாவது 20 ஆண்டுகளும் இரண்டாவது ஏறத்தாழ 11 ஆண்டுகளும் தாங்கும். அதற்குள் மின்கலமும் விசைப்பலகையும் திரையின் கீல்களும் போய்விட்டிருக்கும். தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவோர் இந்த எளிய வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை என்பதே குறை.

திடீர்ச் சாவு பற்றிய வாதத்தில், வன்தட்டு சாகும்முன் கரகரவென்று ஒலியெழுப்பியோ, பேட் செக்டர் எனப்படும் பழுதடைந்த பகுதிகளைக் காட்டியோ எச்சரிக்கும் என்ற நம்பிக்கை அடங்கியிருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கண்காணித்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, தட்டு தன்னைத்தானே சோதித்துப் பதியும் முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின என்று கண்டது. எஸ்எஸ்டிகளைப் பொறுத்தவரை, டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர் கூகுள் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தரவு மையங்களில் நான்கு ஆண்டுகளில் மாற்றப்பட்டவை 4 முதல் 10 விழுக்காடு என்றும், சுழலும் தட்டுகளுக்கு அதற்கு முன் பதிவான மாற்று விகிதம் ஓர் ஆண்டுக்கே 2 முதல் 9 விழுக்காடு என்றும் ஒப்பிடப்பட்டது. அதே ஆய்வு, திருத்த இயலாத படிப்புப் பிழைகள் எஸ்எஸ்டிகளில் கூடுதலாகத் தோன்றுவதையும் சுட்டியது. அதை மறைப்பது நேர்மையாகாது. தரவு மையத்தில் உழைத்த வட்டுகளும் மடிக்கணினிக்கென விற்கப்படுபவையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் இவ்விரு ஆய்வுகளையும் வைத்துக்கொண்டு, சுழலும் தட்டே நம்பகமானது என்ற முடிவுக்கு எவரும் வர இயலாது.

இவ்விரு மாவட்டங்களின் சூழலும் சுழலும் தட்டுக்கு ஆதரவாக இல்லை. அரியலூரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் இருப்பதால் தூசி உள்ளே போய்த் தட்டைக் கெடுத்துவிடுகிறது என்று சொல்வது வழக்கம், அது சரியன்று. வன்தட்டு மூடி முத்திரையிடப்பட்டது. காற்றழுத்தத்தைச் சமன்செய்ய அதில் இருக்கும் சிறு துளையும் வடிகட்டியால் காக்கப்பட்டது. தூசி அடைப்பது விசிறியையும் வெப்பத்தகட்டையும். அதனால் ஏறுவது உட்புற வெப்பம். வெளியே சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது, பொதுவாக 60 டிகிரி வரை இயங்க வரையறுக்கப்பட்ட தட்டுக்கு எஞ்சும் இடைவெளி குறுகிவிடுகிறது. எஸ்எஸ்டிகளுக்குப் பொதுவான எல்லை 70. வெப்பத்தைவிடக் கொடியது அதிர்ச்சி. சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் ஓடி ஓடிக் குழிவிழுந்த சாலையில், மூடியை மடக்கிய கையோடு மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு பேருந்தேறும் மாணவரின் கருவியில், நினைவகத்தில் இருப்பதை எழுதி முடிக்கும்வரை தட்டு இன்னமும் சுழன்றுகொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் 2.5 அங்குலத் தட்டு தாங்கும் அதிர்ச்சி ஏறத்தாழ 350 முதல் 400 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் அத்தனை மடங்கு. எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது 1500 ஜி. மேசையிலேயே கிடக்கும் கணினிக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லாமல் இருக்கலாம். நாள்தோறும் கிராமத்துக்கும் கல்லூரிக்கும் இடையே சுமந்து செல்லப்படும் கணினிக்கு இதுவே முதற்பொருட்டு.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மையான பாதி இனிமேல்தான் வருகிறது. செத்துப்போன வன்தட்டிலிருந்து உரிய ஆய்வகத்தில் தகவலை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு போய்விட்டால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. அழித்த கோப்பின் இடத்தை உடனுக்குடன் துடைத்துவைக்கும் டிரிம் என்னும் ஏற்பாடு இருப்பதால், தவறிப்போய் அழித்ததை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பதும் அரிது. மேலும், மின்சாரம் இல்லாமல் பெட்டியில் வைத்துவிட்டால் எஸ்எஸ்டியின் மின்னூட்டம் மெல்லக் கசியும். தம் எழுதும் எல்லையை எட்டிவிட்ட சாதாரண எஸ்எஸ்டிகள் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பு வகுத்த தர அளவு. வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும். இவையனைத்தும் மெய். ஆனால் இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு, முக்கியக் கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படி வைத்திருக்க வேண்டும் என்பதுதான். மந்தமான தட்டையே மறுபடியும் வாங்க வேண்டும் என்பது அன்று. உடைந்த தட்டிலிருந்து தகவலை எடுக்கும் ஆய்வகங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் மடிக்கணினியின் இன்றைய மதிப்பையே தாண்டக்கூடியது. கட்ட இயலாத கட்டணத்தில் கிடைக்கும் மீட்பை நம்பி ஒருவர் நாள்தோறும் காத்திருப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்த அச்சம் வெறுங்கற்பனையில் பிறந்ததும் அன்று. தயாரிப்பாளர் பெயரே அறியப்படாத, உத்தரவாத அட்டையில் முகவரிகூட இல்லாத, விலை மட்டும் வெகுவாகக் குறைந்த வட்டுகள் சந்தையில் ஏராளம்; அவற்றில் பல சில மாதங்களில் போய்விட்டதைக் கண்டவர்களே எஸ்எஸ்டி என்றாலே இப்படித்தான் என்று சொல்லத் தொடங்கினார்கள். சில போலிகளில் உள்ளே இருப்பது சிறு கொள்ளளவுள்ள சில்லு. கணினிக்கு மட்டும் 1 டிபி, 2 டிபி என்று அறிவிக்கும்படி மாற்றப்பட்டிருக்கும், நிரப்ப நிரப்ப முன்னர் எழுதியது அழிந்துகொண்டே வரும். அதிக ஜிபிக்கு ஆசைப்படும் வாங்குபவரைக் குறிவைத்தே இந்தப் போலிகள் செய்யப்படுகின்றன என்பதைக் கவனித்தால், முதற்கூற்றின் பிழைதான் இரண்டாம் கூற்றின் அச்சத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறது என்பது புலப்படும்.

நேர் எதிர்த்திசையிலும் ஒரு மிகை உண்டு. எஸ்எஸ்டி என்று முடிவு செய்ததும், என்விஎம்இ என்னும் அதிவேக வகையே வேண்டும் என்று கேட்பவர்களும், பழைய கருவிக்கு அதை விற்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எம்.2 அட்டையாக வரும் அதற்கு, 2011-ஐ ஒட்டிய கருவிகளில் பொருத்துமிடமே கிடையாது. பின்வந்த சிலவற்றில் எம்.2 துளை இருந்தாலும் அது சாட்டா என்னும் பழைய இணைப்பு வகையை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். அரசு மடிக்கணினிக்கு உரியது, பழைய தட்டின் இடத்திலேயே உட்காரும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. பழைய கருவியின் சாட்டா இணைப்பு வினாடிக்கு 300 எம்பி வரை மட்டுமே செல்லும் இரண்டாம் தலைமுறையாக இருந்தாலும் பாதகமில்லை. மந்தத்தின் காரணம் காத்திருப்பு நேரம் என்பதால், அது நீங்கியதுமே பயன் வந்துவிடுகிறது.

புதிய கருவி வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. வாங்க இயன்றவர் வாங்கலாம். இயலாத வீட்டுக்கு அது ஆலோசனை ஆகாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதும், பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதும் உண்மையான இடர்ப்பாடுகளே. ஆனால் அரசு மடிக்கணினிகளில் தொடக்கத்திலிருந்தே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. எஸ்எஸ்டி பொருத்தி, ரேமை 4 அல்லது 8 ஜிபியாக உயர்த்தி, இன்றைய லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவினால், படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் அக்கருவி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

எனவே கடைக்குப் போகுமுன் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, தட்டைப் பிடித்திருக்கும் சட்டகத்தின் திருகுகளை நீக்கி, தட்டின் மேலுள்ள சீட்டைப் படித்துக்கொள்ளுங்கள்; அதன் தடிமன் 7 மில்லிமீட்டரா 9.5 மில்லிமீட்டரா என்று பாருங்கள், 9.5 என்றால் 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டி ஆடாமல் இருக்க ஒரு மெல்லிய சட்டம் வேண்டியிருக்கும். நிரம்பியிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப 256 அல்லது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை, டிபிடபிள்யூ அளவையும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் தயாரிப்பாளரிடமிருந்து, ரசீதுடன் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய தட்டு நல்ல நிலையில் இருந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். யுஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் மாதம் ஒருமுறை அதில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.